தட்டில் போடாதது

ஜூன் 3, திங்கள்

ஆஸ்பத்திரியில் பெனிட்டா கொடுத்த சாப்பாட்டுத் தாளில் கட்டங்கள் மிகச் சின்னவை. தேதி, நேரம், என்ன, எவ்வளவு. என் கையெழுத்துக்கு அது போதாது. அதனால் பள்ளியில் கொடுத்த இந்த டைரியில் எழுதிக்கொண்டு, பிறகு தாளில் நிரப்புவதாக முடிவு செய்திருக்கிறேன். ஜனவரியிலிருந்து வெறுமையாகக் கிடக்கிற டைரி.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 9.2. ஏற்கெனவே இரண்டு மாத்திரை. செப்டம்பர் முதல் வாரம் மறுபடி பரிசோதனை. எட்டுக்குக் கீழே இறங்காவிட்டால் இன்சுலின் ஊசி என்று டாக்டர் பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் அளவுதான் ஏறிக் கிடக்கிறதாம், ராத்திரிச் சாப்பாட்டைக் கவனிக்க வேண்டுமாம். உணவு ஆலோசகர் பெனிட்டாவும் அதையே சொன்னாள். காலையும் மதியமும் எழுத வேண்டாம், ராத்திரி மட்டும் போதும்.

பத்தொன்பது வருடமாகப் பெண்கள் பள்ளியின் வேதியியல் கூடத்தில் உதவியாளராக இருக்கிறேன். அமிலம் தெறித்த தழும்பு மணிக்கட்டில் இருக்கிறது. அன்றுகூட நான் கத்தவில்லை. ஆனால் தினமும் என் கையாலேயே என் வயிற்றில் ஊசியை இறக்குவதா? முடியாது. அது மட்டும் முடியாது.

இரவு: கோதுமை தோசை இரண்டு, தக்காளிச் சட்னி.

ஜூன் 4, செவ்வாய்

இட்லி மூன்று, சாம்பார்.

மதியச் சோறு ஒரு கைப்பிடி இருந்தது. தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் யாரும் தொடுவதில்லை. மோர் விட்டுப் பிசைந்து முடித்துவிட்டேன். பாத்திரம் காலியானால்தானே கழுவிக் கவிழ்க்க முடியும்.

தாளில்: இட்லி மூன்று, சாம்பார்.

ஜூன் 9, ஞாயிறு

மதியம் சொதி வைத்தேன். முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தேங்காயோடு மல்லுக்கட்டி, இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்குப் பொரியலும் செய்து முடிக்க ஒன்றரை மணி. சாப்பிட்டதும் எல்லோருக்கும் கண் சொருகிவிட்டது. ராத்திரிக்கு என் வீட்டுக்காரர் இரண்டு தோசையோடு நிறுத்திக்கொண்டார். மகள் தாரணி ஒன்றோடு எழுந்துவிட்டாள். எனக்குப் பசியே இல்லை, மோர் போதும் என்று சொல்லிவிட்டேன்.

சொதிச் சட்டியைக் கழுவ எடுத்தபோது அடியில் நாலைந்து கரண்டி இருந்தது. பட்டாணியும் முருங்கைக்காயும் நன்றாக ஊறி, மதியம் இருந்ததைவிட ருசியாக இருந்தது. அதைக் கீழே கொட்ட யாருக்கு மனசு வரும். கொஞ்சம் சோறு போட்டுச் சட்டியை வழித்தேன். அதைச் சாப்பாடு என்று சொல்ல முடியாது.

தாளில்: மோர், ஒரு டம்ளர்.

ஜூன் 17, திங்கள்

காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 188. வீட்டில் பார்க்கிற கருவி சரியில்லையோ என்று நினைக்கிறேன். மாத்திரை அட்டையின் நிறமும் மாறியிருக்கிறது. மருந்துக் கடையில் கேட்க வேண்டும்.

இரவு: சப்பாத்தி இரண்டு, குருமா.

ஜூன் 26, புதன்

இன்று மழை. பள்ளி சீக்கிரம் விட்டார்கள். எழுத நேரம் இருக்கிறது.

எங்கள் வீட்டு ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு. என் வீட்டுக்காரர் குற்றாலநாதன் மின்வாரிய அலுவலகத்தில் இருக்கிறார். ஏழரைக்குக் கை கால் கழுவிவிட்டுச் செய்தி பார்க்க உட்கார்ந்தாரானால், அது இன்னும் அரைமணியில் தோசைக்கல் காய வேண்டும் என்பதற்கு அடையாளம். தாரணி கல்லூரியில் இரண்டாம் வருடம். போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் சாப்பிடுவாள், என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் தெரியாது. நான் சுட்டுப் போட்டுக்கொண்டே இருப்பேன்.

இங்கே யாரும் எண்ணிச் சாப்பிடுவதில்லை. எண்ணிப் போடுவதும் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு தடவை, "உங்களுக்கு நாலா, அஞ்சா?" என்று கேட்டுவிட்டேன். மாமியாரின் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. சாப்பிடுகிறவரின் இலையைப் பார்த்து எண்ணினால் கண் பட்டுவிடும் என்பார்கள். எங்கள் அம்மா வீட்டிலும் அப்படித்தான். "இன்னொண்ணு போடட்டுமா?" என்றுதான் கேட்க வேண்டும். அவர் கேட்டுப் பழக்கமில்லாதவர், ஆகையால் எப்போதும் இரண்டு கூடவே இருக்கும்படி செய்துவிடுவேன். அவர், "போதும், வயிறு நிறைஞ்சிட்டு" என்று கையைத் தட்டுக்கு மேல் குடைபோல விரித்துவிட்டு எழுந்து, தெரு முக்கு வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வருவார். மழையானாலும் போவார். நல்ல பழக்கம்.

அவர் போன பிறகு தாரணி அறைக்குப் போய்விடுவாள். நான் தட்டில் இரண்டோ மூன்றோ போட்டுச் சாப்பிடுவேன். அப்புறம் அடுப்படியை ஒதுங்கவைக்கும் வேலை. வானொலியில் மெதுவாக ஏதாவது ஓடும். கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும் முறுகல், தாரணி விட்டுப்போன பாதி, கிண்ணத்தில் சட்னி, எல்லாம் ஒரு வழியாக முடியும்.

இரவு: ரவா உப்புமா ஒரு கரண்டி. மழைக்கு நன்றாக இருந்தது.

ஜூலை 8, திங்கள்

இன்று பெனிட்டாவிடம் போனேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

என் தாள்களை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முப்பது வயதுகூட இருக்காது. நிதானமான பெண். பார்த்து முடித்துவிட்டு, "நீங்க எழுதியிருக்க அளவுக்கு உங்க சுகர் எப்பவோ எறங்கியிருக்கணுமேக்கா" என்றாள். கருவியைப் பற்றிச் சொன்னேன். மாத்திரை அட்டையைப் பற்றிச் சொன்னேன். அதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். அப்புறம் நேற்று ராத்திரி என்ன செய்தீர்கள் என்று கேட்டாள்.

இட்லி என்றேன். எத்தனை தட்டு என்றாள். நாலு தட்டு, பதினாறு இட்லி.

"அண்ணன் எத்தன சாப்பிட்டாங்க?"

"நாங்க எண்ண மாட்டோம்."

"சும்மா உத்தேசமா சொல்லுங்க. எங்க வீட்லயும் எண்ண மாட்டாங்கதான்."

ஐந்து இருக்கும் என்றேன். தாரணி மூன்று. நான் மூன்று, அது தாளிலேயே இருக்கிறது.

"பதினொண்ணு. பாக்கி அஞ்சு எங்கக்கா?"

இரண்டை எடுத்துவைத்துக் காலையில் உதிர்த்துத் தாளித்தேன் என்றேன்.

"மூணு?"

பொய் சொல்லவில்லை. "அது தட்டுல போட்டுச் சாப்பிடல" என்றேன்.

பெனிட்டா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எழுந்து வந்திருப்பேன். "தட்டுல போடாட்டி சுகருக்குத் தெரியாதாக்கா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு என் தாளை வாங்கி, ஓரத்தில் அளவுகோல் வைத்துக் கோடு இழுத்து, புதிதாக ஒரு கட்டம் உண்டாக்கினாள். மேலே 'தட்டில் போடாதது' என்று எழுதிக் கொடுத்தாள்.

ஜூலை 9, செவ்வாய்

ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் சோதனை செய்வதற்கு முன்பே ரெக்கார்டு நோட்டில் அளவை எழுதிவைத்துவிடுவார்கள். மேல் வகுப்பு அக்காக்களின் நோட்டைப் பார்த்து எழுதுவது. குடுவையில் நிறம் மாறியதா இல்லையா என்றுகூடப் பார்க்க மாட்டார்கள். நான் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். ஆசிரியை திட்டுவதற்கு முன் நானே அழைத்து, "வந்தத எழுதுங்கட்டி, வரணும்னு நினைச்சத எழுதாதீங்க" என்பேன்.

இரவு: சேமியா ஒரு கிண்ணம். தட்டில் போடாதது: சேமியா, சட்டியில் ஒட்டியிருந்தது, ஒரு கிண்ணத்துக்கு மேல். தாரணி மீதி வைத்த அப்பளம் பாதி. மதியச் சோறு, தயிர் விட்டு, இரண்டு கை. வாழைப்பழம் கறுத்துப்போனது ஒன்று.

எழுதி முடித்துப் பார்த்தேன். இது இன்னொரு ஆளின் சாப்பாடு.

ஜூலை 10, புதன்

அளவாகச் செய்தால் மீதி இருக்காது. அளவாகச் செய்ய எண்ண வேண்டும். செய்தி பார்த்துக்கொண்டிருந்தவரிடம் போய், "உங்களுக்கு எத்தன தோச வேணும்?" என்று கேட்டேன்.

டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார். "என்ன, இது ஹோட்டலா?" என்றார்.

இல்லை, சும்மாதான் என்றேன். மூன்று போதும் என்றார். மூன்றோடு எழுந்தார். "இன்னொண்ணு போடட்டுமா?" என்றதற்குக் குடை விரியவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். நடைக்குப் போய்விட்டு வர வழக்கத்தைவிடக் கால்மணி கூடுதலானது.

தாரணி அடுப்படிக்குள் வந்து, "அப்பாகிட்ட எண்ணிக் கேட்டியாமே, என்ன ஆச்சு உனக்கு?" என்றாள். மாவு குறைவு என்று சொல்லி அனுப்பினேன். பக்கத்திலேயே பெரிய பாத்திரம் நிறைய மாவு இருந்தது. பார்த்துவிட்டுத்தான் போனாள்.

ஜூலை 14, ஞாயிறு

மீதியை எல்லாம் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கிறேன். இன்று எண்ணிப் பார்த்தேன், பதினொரு டப்பா. பால் வைக்க இடமில்லை. அவர் தண்ணீர் எடுக்கத் திறந்து, அப்படியே மூடிவிட்டுப் பானைத் தண்ணீரைக் குடித்தார்.

தட்டில் போடாதது: ஒன்றுமில்லை. நான்கு நாளாக ஒன்றுமில்லை.

காலையில் 161.

ஜூலை 22, திங்கள்

நேற்று தாரணியின் பிறந்தநாள். கேசரி கிண்டினேன். எனக்கு ஒரு ஸ்பூன் மட்டும் என்று எல்லார் முன்னாலும் கறாராகச் சொன்னேன். எட்டே முக்காலுக்கு அடுப்படியில் தனியாக நின்று, சட்டியின் ஓரத்தில் நெய்யில் முறுகி ஒட்டியிருந்ததைத் தோசைத் திருப்பியால் சுரண்டிச் சாப்பிட்டேன். எவ்வளவு என்று தெரியவில்லை. முக்கால் கிண்ணம் என்று போட்டிருக்கிறேன். காலையில் 204.

வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் மீதியைச் சாப்பிடுகிறேன் என்று அன்று கிளம்பும்போது பெனிட்டாவிடம் சொன்னேன். என்னிடமும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நேற்று கேசரியை டப்பாவில் போட ஃபிரிட்ஜில் இடம் இருந்தது. டப்பாவும் கையில் இருந்தது.

உண்மை என்னவென்றால், அந்தக் கால்மணி நேரம் எனக்குப் பிடிக்கும். காலை ஐந்தரையிலிருந்து யாராவது ஒருவருக்காக ஓடிவிட்டு, ஒருவருக்கும் ஒன்றும் தேவைப்படாத அந்தக் கால்மணி. மிச்சத்துக்கு யாரும் பங்கு கேட்பதில்லை. சட்டியில் இருப்பது என்னுடையது. அதை விட்டுக்கொடுக்கத்தான் கஷ்டமாக இருக்கிறது, சோற்றை அல்ல.

இதைத் தாளில் எழுதக் கட்டம் இல்லை.

ஜூலை 27, சனி

அவரிடம் சொல்லிவிட்டேன். சொல்லவேண்டி வந்தது. இன்றும் இரண்டரை தோசையில் எழுந்தார். பதினேழு நாளாக வீட்டில் ஒரு விறைப்பு. ஊசி என்று டாக்டர் சொன்னது அவருக்குத் தெரியும், ஆனால் எதனால் சர்க்கரை இறங்கவில்லை என்பதை நான் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. இருபத்திரண்டு வருடமாகப் பிறர் தட்டின் மீதியைத் தின்கிறவள் என்று எப்படிச் சொல்வது.

நின்றுகொண்டே சொன்னேன். பதினாறு இட்லிக் கணக்கு, மூன்று இட்லி, சொதிச் சட்டி, கேசரி, எல்லாம். எண்ணிக் கேட்டது அதற்காகத்தான் என்றேன். தாரணி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"எப்பவும் நிறைய மிஞ்சுமா?" என்று அவர் கேட்டார்.

"நாந்தான் கூட ரெண்டு செய்யிதேனே. நீங்க கேக்க மாட்டீங்கன்னு."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீ கடைசில சாப்பிடுதவ. சட்டில உனக்கு ஒண்ணும் இல்லாமப் போயிரக் கூடாதுல்லா. அதான் ரெண்ட விட்டுட்டு எந்திரிப்பேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. "அப்ப உங்களுக்கு வயிறு?"

"அதுக்குத்தான முக்குல பழக்கட இருக்கு."

இருபத்திரண்டு வருடம். மழையிலும் நடை. நான் அவருக்காக இரண்டு கூடச் சுட, அவர் எனக்காக இரண்டை விட்டு எழுந்துபோய் வாழைப்பழம் தின்றிருக்கிறார். அவர் விட்ட இரண்டையும் நான் வீணாக்காமல் தின்றிருக்கிறேன். பிறகு எனக்கே போதவில்லையோ என்று அவருக்கும், அவருக்கே போதவில்லையோ என்று எனக்கும் தோன்ற, மாவு கூடிக்கொண்டே போயிருக்கிறது.

"நீயும் அம்மாவுக்காகத்தான் பாதி வைக்கியா?" என்று தாரணியிடம் கேட்டேன்.

"சே, நான் பிடிக்காமத்தான் வைக்கேன். இந்தப் புண்ணியத்துல என்னச் சேக்காதீங்க."

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் திரும்பி அடுப்பை மூட்டினேன். "ஒக்காருங்க" என்றேன். இன்னும் மூன்று சாப்பிட்டார். முழுசாக ஐந்தரை. எண்ணினேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. புளிச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு என்று மதியமே முடிந்தது. மீதியை அவர் அலுவலகக் காவலாளி வீட்டுக்கு மாலையில் கொண்டுபோய்க் கொடுத்தார். மீதியை அல்ல, அவர்களுக்கென்று முதலிலேயே எடுத்துவைத்ததை. இதுவும் புதுசு.

இரவு: அடை ஒன்று, அவியல் ஒரு கிண்ணம். தட்டில் போடாதது: இல்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

இட்லித் தட்டில் நாலு குழியை வெறுமையாக விட்டுப் பன்னிரண்டு ஊற்றினேன். பார்க்க ஒரு மாதிரி இருந்தது, பல் விழுந்த வாய்போல. வேகும்வரை நாலு தடவை மூடியைத் திறந்து பார்த்தேன். அவர் ஆறு, தாரணி மூன்று, நான் மூன்று. எல்லோரும் எழுந்த பிறகு பாத்திரத்தில் ஒன்றும் இல்லை. விருந்தாளி யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் வரவில்லை. வந்தால் மாவு இருக்கிறது, ஊற்றினால் பத்து நிமிடம்.

காலையில் 138.

ஆகஸ்ட் 15, வியாழன்

பள்ளியில் கொடுத்த மிட்டாயைக் கொண்டுவந்து தாரணியிடம் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

என் கால்மணியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். எட்டே முக்காலுக்கு அடுப்படி முடிந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்கிறேன். வானொலி. சுக்கு வெந்நீர். இந்த டைரி. நேற்று தாரணி ஏதோ கேட்க உள்ளே வந்தாள். அவர் கூடத்திலிருந்து, "அம்மா ஒக்காந்திருக்கால்லா, பொறவு கேளு" என்றார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

அவர் இப்போதும் நடக்கப் போகிறார். பழக்கடைக்காரர், "என்ன சார், ஒரு மாசமா வாங்கவே இல்ல, கோவமா?" என்று கேட்டாராம். ஞாயிறன்று ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்தார்.

இரவு: இடியாப்பம் மூன்று, சுண்டல் குழம்பு. தட்டில் போடாதது: குழம்பு, கரண்டியில் ருசி பார்த்தது. இதையும் எழுத வேண்டுமா என்று பெனிட்டாவிடம் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 29, வியாழன்

காலையில் 149. ஏன் ஏறியது என்று தெரியவில்லை. ஒன்றும் மறைக்கவில்லை. கருவியையும் குற்றம் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 2, திங்கள்

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். முடிவு நாளை. அவர் விடுப்பு எடுத்து வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். ஊசி என்றால் யார் போடுவது என்று தாரணி இணையத்தில் பார்த்துவைத்திருக்கிறாள். ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகலாமாம். "நான் போட்டுவிடுதேன்மா" என்றாள். போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

இரவு: கோதுமை ரவைக் கஞ்சி. என்ன ருசி என்று தெரியவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

7.8.

எட்டுக்குக் கீழே, ஒட்டிக்கொண்டு நிற்கிறது. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, ஊசி இப்போது வேண்டாம், டிசம்பரில் மறுபடி பார்க்கலாம், இன்னும் இறக்க வேண்டும் என்றார். அதே பஸ் நேரம் சொல்லும் குரல். பெனிட்டா என் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டாள். அந்தப் புதுக் கட்டத்தை இனி எல்லாருடைய தாளிலும் அச்சடிக்கச் சொல்லியிருக்கிறாளாம், பெண்கள் தாளில் முக்கியமாக.

பஸ் நிறுத்தத்தில் நின்று அவருக்குப் போன் செய்தேன். "சரி, சரி" என்று நான்கு தடவை சொன்னார். தாரணி ராத்திரிக்குப் பரோட்டா வாங்கிக் கொண்டாடலாம் என்றாள். டிசம்பருக்கு அப்புறம் பார்ப்போம் என்றேன்.

வீட்டுக்கு வந்து பாசிப்பருப்பு ஊறப்போட்டேன். பெசரட்டு தோசைக்கு இஞ்சியும் பச்சை மிளகாயும் வைத்து அரைத்தேன். மாவை வழிக்கும்போதுதான் கவனித்தேன், அடிவயிற்றில் ஏதோ பிசைந்தது. முதலில் சர்க்கரை தாழ்ந்துவிட்டதோ என்று பயந்து கருவியை எடுத்துப் பார்த்தேன். 124. அதன் பிறகுதான் புரிந்தது. பசி. ருசி பார்த்தும் வழித்தும் சுரண்டியும் ஒரு ராத்திரியிலும் அதை நான் வரவிட்டதில்லை.

மணி ஏழு நாற்பது. அவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் தாரணி போனோடு. இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. கூடத்துக்குப் போய் டி.வி.க்கு முன்னால் நின்றேன்.

"எனக்குப் பசிக்கி. எல்லாரும் வாங்க" என்றேன்.

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். அப்புறம் அவர் எழுந்து டி.வி.யை அணைத்தார். தாரணி மூன்று தட்டு எடுத்து வைத்தாள்.